சாவியில் கட்டிய மணி

மார்ச் 3

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இங்கே எல்லாரும் நலம், என் முதுகைத் தவிர. அதுவும் காலையில் குனியும்போது மட்டும்தான் தகராறு செய்கிறது. மற்ற நேரத்தில் என்னோடு ஒத்துப்போகிறது.

முதலில் உங்கள் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மீதியைப் படிக்க மாட்டீர்கள். ஐந்து மாதம் முடிந்துவிட்டது. "வீட்டிலேயே இரும்மா" என்று நானும் என் வீட்டம்மாவும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். "வீட்ல உக்காந்து உங்க ரெண்டு பேர் சண்டையக் கேக்குறதுக்கு ஷெட்லயே நிக்கலாம் மாமா" என்கிறாள். இந்த வாய் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனவே மாமியாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் நின்று பழம் பிரிக்கிறார்கள். பெரியது ஒரு பெட்டி, சின்னது ஒரு பெட்டி, அடிபட்டது ஒரு பெட்டி. நான் மேஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்து இருவரையும் அதிகாரம் செய்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அதிகாரம் கைமாறிவிடுகிறது. பையன் வழக்கம்போல லாரியில். வாரத்துக்கு ஒருநாள் வந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போகிறான்.

இனி ஷெட் வம்பு. எங்கள் ஷெட்டில் அறுபத்திரண்டு பெண்களுக்கு ஒரே ஒரு அறை. எந்த அறை என்று சம்பந்திக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் ஆஸ்பத்திரி வார்டில் ஆயா வேலை பார்ப்பவர், புரிந்துகொள்வீர்கள். பழம் வாங்கும் கம்பெனிக்காரர்கள் வந்து பார்க்கும்போது பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மூன்று வருஷத்துக்கு முன்பு முதலாளி அதற்குப் பூட்டுப் போட்டார். சாவி என் மேஜையில். வேண்டியவர்கள் கேட்டு வாங்கிப் போய்த் திருப்பித் தர வேண்டும். திரும்பி வந்தால்தானே! ஒருமுறை சாவி பழப்பெட்டிக்குள் விழுந்து லாரியேறி ஊர் சுற்றப் போய்விட்டது. இன்னொரு முறை ஒருத்தி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாள். முதலாளி என்னைப் பிடித்து உலுக்கிவிட்டார்.

யோசித்தேன். நான் யோசித்தால் என்ன ஆகும் என்று என் வீட்டம்மாவைக் கேளுங்கள். பால்காரரிடம் ஒரு எருமைக் கழுத்து மணி சும்மா கிடந்தது. அதை வாங்கிச் சாவியில் கட்டிவிட்டேன்! என் முஷ்டி அளவு இருக்கும். இனி சாவி எங்கே போனாலும் டணார் டணார் என்று சொல்லிக்கொண்டே போகும். முதல்நாள் எடுத்துக்கொண்டு போனவளுக்கு, "வழி விடுங்கப்பா, வண்டி வருது!" என்று நான் குரல் வேறு கொடுத்தேன். லோடு ஏற்றுகிற ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சாவி தொலைவது நின்றது. அதோடு, ஒருநாளைக்கு முப்பது தடவை போய்க்கொண்டிருந்த சாவி இப்போது நாலு தடவைதான் போகிறது. முதலாளி என் தோளில் தட்டினார். இருபது வருஷத்தில் முதல் தட்டு.

நீங்கள்தான் கடிதம் போடுவதில்லை. மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு, சம்பந்தி இருக்கிறாரா போனாரா என்று விசாரிக்கக் கூடாது என்று சட்டம் ஏதும் வந்திருக்கிறதா?

இப்படிக்கு,
ஷெட்டில் 'ரேடியோ' என்று அழைக்கப்படும்
உங்கள் சம்பந்தி


மார்ச் 12

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை வார்டில் துணி மடிக்கும் இடத்தில் நின்றுகொண்டே படித்தேன். சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்கத்துக் கட்டில்காரி "எனக்கும் படிச்சுக் காட்டுக்கா" என்றாள். வயிற்றில் தையல் போட்டவள், பிரிந்துவிட்டால் டாக்டருக்கு யார் பதில் சொல்வது என்று மறுத்துவிட்டேன்.

நான் கடிதம் போடுவதில்லை என்பது சரி. வார்டில் நாற்பது கட்டில், ஐம்பத்தைந்து பேர். கை ஒழிந்தால்தானே பேனா பிடிக்க முடியும்.

ஆனால் என் மகள் ஏன் எழுதுவதில்லை? முன்பெல்லாம் பக்கம் பக்கமாக உங்கள் வீட்டு வம்பு எழுதுவாள். முக்கால்வாசி உங்களைப் பற்றித்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதம் நாலே வரி. "கொஞ்சம் அசதி, மற்றபடி ஒன்றுமில்லை" என்று முடித்திருக்கிறாள். சம்பந்தி, பதினெட்டு வருஷமாக நான் வார்டில் இருக்கிறேன். 'மற்றபடி ஒண்ணுமில்ல' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைத்தான் நாங்கள் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஓடுகிறோம்.

இன்னொன்று. இந்த மாதம் உங்கள் பக்கத்திலிருந்து ஆறு பேர் வந்துவிட்டார்கள். ஆறும் பெண்கள். குளிர் ஜுரம், இடுப்புக்கு மேலே முதுகில் குத்தல், நீர்க்கடுப்பு. டாக்டர் சின்ன வயசுக்காரர், "அந்த ஊர்த் தண்ணியில என்னதான் இருக்கு?" என்று என்னிடமே கேட்கிறார். எனக்கென்ன தெரியும்? உங்களுக்குத்தான் ஊர்ச் செய்தி எல்லாம் அத்துப்படியாயிற்றே, விசாரித்து எழுதுங்கள்.

மகள் தண்ணீர் நிறையக் குடிக்கிறாளா என்று பாருங்கள். பள்ளிக்கூடம் போகும்போதே இரண்டு பாட்டில் கொண்டுபோகிற பிள்ளை அவள்.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 25

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

துப்பறிந்துவிட்டேன். எங்கள் ஊர்த் தண்ணீர் மேல் பழி போடாதீர்கள். அதே தண்ணீரைத்தான் லோடு ஏற்றும் ஆண்கள் குடம் குடமாகக் குடிக்கிறார்கள். கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்போடு திரிகிறார்கள். நானும் குடிக்கிறேன். எனக்கு முதுகைத் தவிர வேறு குறையில்லை.

குறை எங்கே என்று கண்டுபிடித்தது நான்தான், உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். எங்கள் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை! மேஜைகளுக்கு நடுவே அவர்களுக்கென்று ஒரு பெரிய பானை இருக்கிறது. முன்பு ஒருநாளைக்கு மூன்று தடவை நிரப்புவோம். இப்போது ஒருதடவை நிரப்பினால் சாயங்காலம் பாதியை வெளியே ஊற்ற வேண்டியிருக்கிறது. இந்த வெயிலில்! "என்னம்மா, எல்லாரும் ஒட்டகத்தோட சொந்தக்காரங்களா?" என்று கேட்டேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. வெயில் வந்தால் நகைச்சுவை உணர்ச்சி காய்ந்துவிடும் போலிருக்கிறது.

மருமகளுக்கு இரண்டு நாள் ஜுரம் வந்து போனது. பயப்படாதீர்கள். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள், மூன்றாம் நாள் மேஜைக்கு வந்துவிட்டாள். டாக்டரிடம் போகச் சொன்னேன். எங்கள் ஊர்ச் சுகாதார நிலையம் திறப்பது செவ்வாயும் வெள்ளியும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை; எங்களுக்கு லோடு ஏற்றுவதும் அதே செவ்வாயும் வெள்ளியும். "மேஸ்திரி மருமகளுன்னு லீவு குடுத்துட்டாருன்னு பேச்சு வரும் மாமா, வேண்டாம்" என்றாள். எவ்வளவு பொறுப்பு பாருங்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்படிக்கு,
துப்பறியும் ரேடியோ


மார்ச் 31

சம்பந்தி,

இதைத் தபாலில் போடவில்லை, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வாங்கிய இடத்திலேயே நின்று படியுங்கள்.

இன்று காலை உங்கள் ஷெட்டிலிருந்து ஏழாவது பெண் வந்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. படுக்கையைத் தட்டிப் போட்டபடியே பேச்சுக் கொடுத்தேன்.

"எப்படிம்மா வந்துச்சு இது?"

"அடக்கி அடக்கித்தான்க்கா. எங்க மேஸ்திரி நல்ல மனுஷன்தான், தமாஷாப் பேசுவாரு. சாவியில ஒரு எருமை மணியக் கட்டிட்டாரு. எடுத்துட்டுப் போனா அத்தனை ஆம்பளைங்களும் திரும்பிப் பாக்குறாங்க. வாயாலயே மணி அடிச்சுக் காட்டுறானுங்க."

"அப்ப நீங்க போறதே இல்லையா?"

"விடியறதுக்குள்ள வீட்ல போயிட்டு வந்தா, திரும்ப வீட்டுக்குப் போய்த்தான். பத்து மணி நேரம்."

"தாங்குமா?"

"தண்ணி குடிக்காம இருந்தா தாங்கும்க்கா."

மேஸ்திரிக்கு ஒரு மருமகள் இருக்கிறாளாமே, அவள் எப்படி என்று கேட்டேன். என் கையில் தலையணை இருந்தது, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன்.

"அந்தப் புள்ளையா? பாவம், மாசமா வேற இருக்கு. மாமனார் மேஜையில போய்ச் சாவி கேக்க முடியுமா? அது எழுந்து போய் நான் பாத்ததே இல்ல."

சம்பந்தி, உங்கள் முதல் கடிதத்தைப் படித்து நானும் சிரித்தேன். அதை நினைத்தால் என் உடம்பெல்லாம் கூசுகிறது. மாசமாக இருக்கிறவளுக்கு இந்த ஜுரம் மாத்திரையில் போகாது. உள்ளேதான் இறங்கும். என் மகளை இன்றைக்கே இங்கே அனுப்புங்கள். பெட்டி, துணி எதுவும் வேண்டாம். ஆளை மட்டும் அனுப்புங்கள்.

சம்பந்தி


ஏப்ரல் 3

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

ஆஸ்பத்திரி வாசலில் உங்களிடம் சொல்ல நினைத்ததை எழுதுகிறேன். அங்கே நீங்கள் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு ஓடினீர்கள். கதவருகே ஒருமுறை திரும்பிப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கண்டக்டர் கடிதத்தைக் கொடுத்தபோது உச்சி வெயில். நின்றுகொண்டே படித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு எருமை மணிக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று. பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தேன். அறுபத்திரண்டு பேரும் குனிந்து பழம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பானை. அதன்மேல் கவிழ்த்து வைத்த டம்ளரில் தூசி படிந்திருந்தது. இருபது வருஷமாக அந்த ஷெட்டில் யார் யாரோடு பேசவில்லை, யார் வீட்டில் என்ன சண்டை என்றெல்லாம் என்னைக் கேட்டால் போதும். அந்தத் தூசி என் கண்ணில் படவில்லை.

மருமகளிடம் போனேன். அந்த வெயிலில் அவளுக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. நெற்றியைத் தொட்டேன், கையைச் சுட்டது.

"இந்தப் பெட்டிய முடிச்சுட்டு வந்துடறேன் மாமா" என்றாள். இரண்டடி வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாதி ஏற்றிய லாரியில் பெட்டிகளை இறக்கச் சொல்லிவிட்டு அவளை ஏற்றினேன். வழியெல்லாம் என் தோளில் சாய்ந்திருந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"எப்படி மாமா? சாவி குடுங்கன்னு கேட்டா நீங்க ஏதாவது சொல்வீங்க. எல்லாரும் சிரிப்பாங்க."

"உன்னைப் போய்ச் சொல்வேனா?"

"மொத நாள் ஒரு அக்காவப் பாத்து 'வண்டி வருது'ன்னீங்களே. அவங்க அன்னிக்கு மேஜைக்குக் கீழ உக்காந்து அழுதாங்க மாமா. நீங்க பாக்கல."

மணி எத்தனை தடவை அடிக்கிறது என்று எண்ணி உங்களுக்கே எழுதினேன். அந்த நாலு தடவையில் ஒன்றாவது என் வீட்டுப் பெண்ணா என்று பார்க்கவில்லை.

எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி போடுங்கள். பையன் லாரியோடு எங்கே இருக்கிறான் என்று விசாரித்துச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், நேரே உங்களிடம் வந்துவிடுவான்.

சம்பந்தி


ஏப்ரல் 11

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. பையன் மட்டும் "ஜுரம் விட்டு விட்டு வருது" என்று சொல்லி அனுப்பினான்.

பூட்டைக் கல்லால் உடைத்துவிட்டேன். மூன்று அடி. அதில் இரண்டு என் விரலில். முதலாளி வந்து, "கம்பெனிக்காரங்க வந்தா என்னய்யா சொல்வே?" என்றார். பழைய ஆளாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். "மறுபடி பூட்டுப் போட்டா நான் நாளைக்கு வரமாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். பழம் கொட்டுகிற சமயம், ஆள் வேண்டும். முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. அப்படியும் நாலு நாளாக ஒருத்தியும் போகவில்லை. ஐந்தாம் நாள்தான் புரிந்தது: என் மேஜையைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். மேஜையை இழுத்துக்கொண்டு போய் லாரி நிற்கிற பக்கம் போட்டேன். அதன் பிறகு இரண்டு இரண்டு பேராகப் போனார்கள்.

எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டேன். "ஏம்மா, இத்தனை பேர்ல ஒருத்தர்கூடவா சொல்லக்கூடாது?"

வயசில் மூத்த ஒருத்தி, என்னோடு சரிக்குச் சரி வாயாடுகிறவள், நிமிராமல் பதில் சொன்னாள். "சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு தமாஷ் பண்ணியிருப்பீங்க மேஸ்திரி."

அங்கிருந்து மாத்திரைக் கடைக்குப் போனேன். கடுப்புக்கும் ஜுரத்துக்கும் எங்கள் ஷெட்டில் யார் யார் மாத்திரை வாங்குகிறார்கள் என்று கேட்டேன். கடைக்காரர் விரல்விட்டு எண்ணினார், விரல் போதவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த ஏழு பேரையும் சேர்க்காமல் பத்தொன்பது பேர். ஒருவேளைக்கு இரண்டு மாத்திரை என்று அட்டையிலிருந்து துண்டு வெட்டித் தருவாராம். இரண்டோடு வலி அடங்கும், பிறகு வரும், பிறகு இரண்டு. "உங்க ஷெட்டாலதான் மேஸ்திரி இந்தக் கடையே ஓடுது" என்று சந்தோஷமாகச் சொன்னார். என் காதில் அது என் குரல் மாதிரியே கேட்டது.

வீட்டில் என் வீட்டம்மா என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வைக்கிறாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

நீங்களாவது திட்டி ஒரு கடிதம் போடுங்கள்.

சம்பந்தி


ஏப்ரல் 20

சம்பந்தி அவர்களுக்கு,

பதிமூன்றாம் தேதி பிறந்தது. பையன். என் இரண்டு உள்ளங்கையில் அடங்கினான். நாலு மணி நேரம் இருந்தான். எத்தனையோ குழந்தைகளைத் துடைத்துத் துணியில் சுற்றிய கை இது. அன்றைக்கு மட்டும் எனக்குத் துணியை மடிக்கத் தெரியவில்லை.

மாப்பிள்ளை சொல்லி நீங்கள் வந்ததும், கேட்டுக்கு வெளியே சாயங்காலம் வரை நின்றதும் தெரியும். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். இறங்கி வரவில்லை.

மகள் பிழைத்துவிட்டாள். ஒரு பக்கச் சிறுநீரகம் இனிமேல் சரியாக வேலை செய்யாது என்கிறார் டாக்டர். எழுந்து உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "மாமாவத் திட்டாதம்மா." நான் திட்டத்தான் செய்கிறேன். தினமும் எங்கள் இருவருக்கும் இதே சண்டை. பூட்டுப் போட்டது முதலாளி, ஜுரத்துக்கு ரெண்டு மாத்திரை வெட்டிக் கொடுத்தது கடைக்காரன், வாரத்தில் நாலு மணி நேரம் திறப்பது சுகாதார நிலையம் என்று அவள் பட்டியல் போடுகிறாள். எல்லாம் சரிதான், மணியைக் கட்டியது யார் என்று நான் கேட்கிறேன். அவள் மறுபடி முதலாளியிலிருந்து தொடங்குகிறாள். என் தப்பையும் அந்தப் பட்டியலில் சேர்க்கத்தான் வேண்டும். பெண் கொடுக்கும் முன்பு உங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஓடு போட்ட கூரை, கதவு வைத்த குளியலறை, கொல்லையில் குழாய் எல்லாம் பார்த்துத் திருப்தியாகத்தான் வந்தேன். அவள் பத்து மணி நேரம் நிற்கப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் இனி அங்கே வரமாட்டாள். மாப்பிள்ளையும் இந்தப் பக்கம் லாரி வேலை தேடுகிறார். இதில் பேச ஒன்றுமில்லை.

உங்கள் இரண்டு கடிதங்களையும் படித்தேன். நீங்கள் நன்றாக எழுதுகிறீர்கள், சம்பந்தி. வருத்தத்தைக்கூட ரசிக்கும்படி எழுதுகிறீர்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. இனிமேல் கடிதம் வேண்டாம். அந்தப் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். செவ்வாய்க்கிழமை. லோடு நின்றால் நிற்கட்டும். டாக்டரிடம் பேசிவிட்டேன். ஒவ்வொருவரையும் பார்ப்பார். ஒருத்தி குறைந்தாலும் உங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். பத்தொன்பதும் வந்தால், மகளை வந்து பார்க்கலாம்.

சம்பந்தி


ஏப்ரல் 24

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கடிதம் வேண்டாம் என்றீர்கள். கணக்கு மாறிவிட்டதால் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

லாரி சொல்லிவிட்டேன். செவ்வாய் காலை முதல் ஆளாக வாசலில் நிற்போம். நேற்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பெயர்களை எழுதினேன். விட்டுப்போகக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தேன். என் வீட்டம்மா அடுப்படியில் இருந்தாள். படித்து முடித்ததும், மூன்று வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

"இன்னொரு பேரு எழுதிக்கோங்க."

"யாரு? சொல்லு" என்று பேனாவை எடுத்தேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். முதுகில், இடுப்புக்கு மேலே, கையை வைத்துக் காட்டினாள்.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"பூட்டுப் போட்டதுலேர்ந்து. மூணு வருஷமா."

இருபது பேர் வருகிறோம், சம்பந்தியம்மா. கட்டில் இருக்குமா?